கீட்ஸ் கண்ட குளியாளி: முத்துக்கரையிலிருந்து ஆங்கில இலக்கியம்

1820 ஜூலையில் லண்டனில் ஜான் கீட்ஸின் கடைசிக் கவிதைத் தொகுதி வெளிவந்தது. அதிலுள்ள ‘இசபெல்லா’ இத்தாலியில் நடக்கும் காதல் கதை. ஃபுளோரன்ஸ் நகரத்து வணிகச் சகோதரர் இருவர். தங்கள் கடையில் வேலை பார்க்கும் ஏழை இளைஞனைத் தங்கை நேசிப்பது பொறுக்காமல், அவனைக் காட்டுக்கு அழைத்துப்போய்க் கொன்று புதைத்துவிடுகிறார்கள். இவர்களுக்கு இவ்வளவு செல்வம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வரும்போது கீட்ஸ் திடீரென இத்தாலியை விட்டு வெளியேறுகிறார். சுரங்கத்திலும் ஆலையிலும் உடல் தேய்கிறவர்களைக் காட்டிவிட்டு இலங்கைக் கடலுக்கு வருகிறார். அங்கே ஒரு முத்துக்குளியாளி மூச்சடக்கி, உடம்பில் துணியில்லாமல், பசித்த சுறா திரியும் நீரில் இறங்குகிறார். அவர் காதுகளிலிருந்து ரத்தம் பாய்கிறது. அந்த எட்டு வரிச் செய்யுளில் மூன்று வரிகூட முழுதாக அவருக்குக் கிடைக்கவில்லை. அடுத்த கணமே கவிதை வடதுருவப் பனிக்குப் போய்விடுகிறது.

அந்தக் குளியாளி யார்? இலங்கையில் பணியாற்றிய ஆங்கிலேயப் படை அதிகாரி ராபர்ட் பெர்சிவல் 1803இல் வெளியிட்ட நூல் இதற்குப் பதில் தருகிறது. மன்னார்ச் சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்புப் பருவத்தில், மூழ்குகிறவர்களில் பெரும்பாலோர் எதிர்க்கரையிலிருந்து வருகிறவர்கள் என்றும், அவர்களில் கத்தோலிக்கரான பரவர் உண்டு என்றும் அவர் எழுதுகிறார். தூத்துக்குடியிலிருந்து கீழக்கரை வரை நீளும் கரை அது. பரவரும் கீழக்கரை முஸ்லிம்களும் சலாபம் அறிவிக்கப்பட்டதும் தோணி கட்டிக்கொண்டு மன்னாருக்குப் போவது பல தலைமுறை வழக்கமாக இருந்தது. கீட்ஸ் ‘இலங்கை’ என்று எழுதினாலும், அவர் வரிகளில் மூழ்கியவர் நம் கரைக்காரராக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

ஆங்கில இலக்கியத்தில் முத்துக்குப் பஞ்சமே இல்லை. 14ஆம் நூற்றாண்டுக் கவிதை தொடங்கி விக்டோரியா காலத்து நாவல் வரை மணிமுடியிலும் கழுத்திலும் கண்ணீரிலும் பனித்துளியிலும் முத்து கிடக்கிறது. அதை எடுத்துத் தந்த மனிதர் எத்தனை இடத்தில் இருக்கிறார் என்று தேடினால் கிடைப்பது சொற்பம். அந்தச் சொற்பத்தையும் அதைச் சூழ்ந்த பெரிய மௌனத்தையும் சேர்த்தே வாசிக்கவேண்டும். முத்துக்கரைக்காரர் ஆங்கில இலக்கியத்துக்குள் நுழைய இதைவிட நேரான வழி கிடையாது.

முதலில் ‘முத்து’ என்ற பெயரிலேயே உள்ள கவிதை. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில், இங்கிலாந்தின் வடமேற்கு நடுப்பகுதிப் பேச்சில் எழுதப்பட்டது. எழுதியவர் பெயர் யாருக்கும் தெரியாது. 101 செய்யுள், 1,212 வரி. நகை வணிகன் ஒருவன் ஒப்பற்ற முத்து ஒன்றைத் தோட்டத்தில் தவறவிட்டுப் புலம்பி, அங்கேயே தூங்கிப்போகிறான். கனவில் ஓர் ஆறு. அக்கரையில் வெண்ணிற ஆடை முழுதும் முத்துப் பதித்த ஒரு பெண். உற்றுப் பார்த்தால், இரண்டு வயது நிறையும் முன்னே இறந்துபோன அவன் மகள். மண்ணில் விழுந்த முத்து அவள்தான். தகப்பன் அழுகிறான், வாதாடுகிறான், ஆற்றைத் தாண்ட முயல்கிறான், விழித்துக்கொள்கிறான். பிள்ளையைப் பறிகொடுத்தவரின் துயரத்தை இவ்வளவு கட்டுக்கோப்பாகவும் இவ்வளவு நேராகவும் சொன்ன கவிதை ஆங்கிலத்தில் வேறு இருக்கிறதா என்பது சந்தேகமே.

இதற்கு உலகில் உள்ளது ஒரே கையெழுத்துப் பிரதி. 1731இல் லண்டன் ஆஷ்பர்ன்ஹாம் மாளிகைத் தீவிபத்தில் பல பழம்பிரதிகள் கருகியபோது இது தப்பியது. ரிச்சர்ட் மாரிஸ் இதை முதன்முதலாக அச்சில் கொண்டுவந்தது 1864இல். சாசரும் ஷேக்ஸ்பியரும் கீட்ஸும் வாழ்ந்த உலகம் இந்தக் கவிதையை அச்சில் கண்டதே இல்லை.

இக்கவிதையின் முத்து மத்தேயு நற்செய்தியிலிருந்து வந்தது. விலையுயர்ந்த ஒரு முத்தைக் கண்ட வணிகன் தன்னிடமுள்ள எல்லாவற்றையும் விற்று அதை வாங்குகிறான் என்ற இயேசுவின் உவமை. 1530களில் பரவர் கத்தோலிக்கம் தழுவியதிலிருந்து இந்தக் கரைக் கோயில்களிலும் இதே உவமை வாசிக்கப்படுகிறது. ஆனால் இங்கே கேட்டவர்களில் பலர் அந்த முத்தை எடுக்கிறவர்கள். உவமையில் வணிகன் இருக்கிறான், கடலில் இறங்கியவன் இல்லை. ஆங்கிலக் கவிதையும் அதே வழியில் நகை வணிகன் வாயிலாகவே பேசுகிறது.

அக்கவிஞருக்குத் தன் முத்து கீழ்த்திசைக்குரியது என்பது தெரியும். கீழ்த்திசை முத்தையெல்லாம் விஞ்சியது என்றே தொடங்குகிறார். அதே காலத்துச் சாசரும், தம் கனவுக் கவிதை ஒன்றில் வரும் அரசி ஆல்செஸ்டியின் வெண்முடி கீழ்த்திசை முத்து ஒன்றால் ஆனது என்கிறார். ஐரோப்பாவில் அப்போதே ஒரு நேர்முகச் சான்று இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழியே போன மார்கோ போலோ காயல் துறையையும் முத்துக்குளிப்பையும் விவரித்திருந்தார். அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு, கொடிய மீன்களை மந்திரத்தால் கட்டிவைப்பவருக்கு இருபதில் ஒரு பங்கு என்று கணக்குக்கூடச் சொல்கிறார். கவிஞர்களுக்கு அந்தக் கணக்கு தேவைப்படவில்லை.

எலிசபெத் காலத்துக்கு வந்தால், செய்தி கிடைக்கவில்லை என்று சாக்குச் சொல்ல வழியே இல்லை. வெனிஸ் வணிகர் செசாரே ஃபெதெரிச்சியின் பயண நூலைத் தாமஸ் ஹிக்காக் 1588இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஹக்லூயிட் தம் பயண நூல்களின் பெருந்தொகுப்பில் அதை மறுபடி சேர்த்தார். குமரிமுனைக்கும் சிலாபத்துக்கும் இடைப்பட்ட கடலில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் தொடங்கி ஐம்பது நாள் நடக்கும் முத்துக்குளிப்பு அதில் வருகிறது. கயிறு, கல், கூடை, மூழ்குகிற உள்ளூர்க் கிறிஸ்தவர்கள், மீனைக் கட்டும் மந்திரக்காரர் என்று எல்லாமே இருக்கிறது. லண்டனில் புத்தகம் வாங்க முடிந்த எவருக்கும் நம் குளியாளியைச் சந்திக்க வாய்ப்பு இருந்தது.

நாடகாசிரியர்கள் சந்திக்கவில்லை. மார்லோவின் ஃபாஸ்டஸ் தன் ஏவலுக்குள் வரப்போகும் ஆவிகளைப் பொன்னுக்காக இந்தியாவுக்கும் கீழ்த்திசை முத்துக்காகக் கடலுக்கும் அனுப்பக் கனவு காண்கிறான். ஆவி ஏவல் செய்யுமானால் மூச்சடக்க மனிதன் எதற்கு? ஷேக்ஸ்பியரின் ட்ராய்லஸ் தன் காதலியை இந்தியாவில் கிடக்கும் முத்தாகவும் தன்னை அதைத் தேடிக் கடல்கடக்கும் வணிகனாகவும் பார்க்கிறான். ‘ஒதெல்லோ’ முடியும்போது, தன் குலத்தின் செல்வத்தையெல்லாம் விஞ்சிய முத்தை அருமை அறியாமல் எறிந்துவிட்ட ஒருவனோடு ஒதெல்லோ தன்னை ஒப்பிட்டுக்கொள்கிறான். அந்த ஒருவன் 1622ஆம் ஆண்டுப் பதிப்பில் இந்தியன், 1623ஆம் ஆண்டுப் பதிப்பில் யூதேயன். எது ஷேக்ஸ்பியர் எழுதியது என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ‘இந்தியன்’ என்பதே சரியென்றால், அவன் இந்தக் கரை இந்தியனாக இருந்திருக்க முடியாது. முத்தைத் தரம் பிரிக்கப் பித்தளைச் சல்லடைகளும், எடைக்கும் விலைக்கும் வாய்ப்பாடும் வைத்திருந்த கரை இது.

இதே காலத்தில் இந்தக் கரை புத்தக உலகுக்குள்ளும் நுழைந்துவிட்டது. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அண்ட்ரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சானது. அப்போது ஷேக்ஸ்பியருக்கு வயது 14. புனிதர் வரலாறுகளைச் சொல்லும் ‘அடியார் வரலாறு’ 1586இல் வந்தது. புன்னைக்காயலில் அச்சானது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றுகூட அச்சேறும் முன்னே பரவர் கையில் தமிழ் அச்சுப் புத்தகம் இருந்தது. ஆங்கில இலக்கிய வகுப்புகளில் அச்சுக்கலையின் வரலாறு சொல்லப்படும்போது இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

அடுத்த ஒன்றரை நூற்றாண்டை விரைவாகக் கடந்துவிடலாம். மில்டனின் ‘இழந்த சொர்க்கம்’ 1667இல் வந்தபோது தூத்துக்குடி டச்சுக்காரர் வசம் போய் 9 ஆண்டு ஆகியிருந்தது. அதில் கீழை அரசர்கள்மேல் முத்தும் பொன்னும் பொழிகின்றன. விடியல் தரையெங்கும் முத்தை விதைக்கிறது. ஒலியழகில் மில்டனுக்கு நிகரில்லை. கவிஞர் அலெக்சாண்டர் போப்பின் நாயகி பெலிண்டாவின் ஒப்பனை மேசையில் இந்திய மணிகள் மின்னுகின்றன. முத்து தானாகக் கொட்டுகிறது, பெட்டி தானாகத் திறக்கிறது.

கீட்ஸிடம்தான் இது உடைகிறது. கதையை அவர் பொக்காச்சியோவின் ‘டெக்கமரான்’ நூலிலிருந்து எடுத்தார். மூலத்தில் குளியாளி இல்லை, சுரங்கக்காரர் இல்லை, ஆலையும் இல்லை. எல்லாம் கீட்ஸ் சேர்த்தவை. ஏன் சேர்த்தார்? 1796இல் இலங்கையின் கரைப்பகுதிகள் ஆங்கிலேயர் கைக்கு வந்த கையோடு அடுத்தடுத்து பெரிய சலாபங்கள் நடந்தன. 1797ஆம் ஆண்டுச் சலாபத்தை நேரில் பார்த்த ஹென்றி லெபெக்கின் கட்டுரை கல்கத்தாவின் ஆசியக் கழக வெளியீட்டில் வந்தது. பெர்சிவலின் நூல் 1803இல், ஜேம்ஸ் கார்டினரின் இலங்கை நூல் 1807இல். முத்து இப்போது ஆங்கிலேய அரசின் வருமானம். அதன் கணக்கும் வழக்கும் ஆங்கிலத்திலேயே அச்சாகிக்கொண்டிருந்தன. தோணிக்கு ஏறிவரும் குளியாளியின் வாயிலும் மூக்கிலும் காதிலும் நீர் வெளிப்படும், பல வேளை ரத்தமும் வரும், ஆனாலும் ஒரே நாளில் நாற்பது ஐம்பது முறை மூழ்குவார் என்கிறது பெர்சிவலின் விவரிப்பு.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. கீட்ஸ் லண்டன் கைஸ் மருத்துவமனையில் அறுவை மருத்துவம் பயின்று 1816இல் உரிமம் பெற்றவர். நீர் ஆழத்தில் அழுத்தம் ஏறும்போது செவிப்பறை கிழியும் என்ற உண்மை கவிதைக்குள் வந்தது மருத்துவம் பயின்ற ஒருவர் கையால். அவருக்கு முன்னிருந்தவர்கள் முத்தின் ஒளியைப் பார்த்தார்கள். கீட்ஸ் காதைப் பார்த்தார். கார்ல் மார்க்ஸ் ‘மூலதனம்’ எழுதாமல் கவிதை எழுதியிருந்தால் அது ‘இசபெல்லா’வாக இருந்திருக்கும் என்ற பொருளில் பெர்னார்ட் ஷா 1921இல் சொன்னது இந்தச் செய்யுள்களை எண்ணித்தான்.

கீட்ஸையும் கரையின் அனுபவத்தோடு உரசிப் பார்க்கவேண்டும். சுறாவின் பயம் உண்மை. அதனால்தான் கடல்கட்டி என்றொருவர் கரையில் மந்திரம் சொல்லி அமர்ந்திருந்தார். ஆங்கிலேய அரசே அவருக்குக் கூலி கொடுத்தது. மார்கோ போலோ கண்ட வழக்கம் அறுநூறு ஆண்டு கழித்தும் மாறவில்லை. ஆனால் சுறாவால் இறந்தவர்களைவிட, பல்லாயிரம் பேர் கூடும் சலாபக் கொட்டகைகளில் காலராவுக்குப் பலியானவர்கள் மிக அதிகம். கரையில் அழுகவிட்ட சிப்பிக் குவியலின் நாற்றமும் ஈயும் குடிநீர்த் தட்டுப்பாடும் சேர்ந்த இடம் அது. கவிதைக்குச் சுறா வாய்த்தது. காலராவுக்கு ஆங்கிலக் கவிதையில் இடம் கிடைக்கவில்லை.

ஒரு தமிழ் வாசகருக்கு இங்கே அகநானூற்றின் 350ஆம் பாடல் நினைவுக்கு வராமல் இருக்காது. தாக்கும் சுறாவை விலக்கிவிட்டு வலம்புரிச் சங்குக்காக மூழ்கும் பரதவர், ஆரவாரத்தோடு அவர்களை எதிர்கொள்ளும் கொற்கை. கடலும் சுறாவும் குளியாளியும் கரையில் காத்திருக்கும் ஊரும் ஒரே காட்சியில் நிற்கின்றன. கீட்ஸின் குளியாளிக்கு ஊர் கிடையாது. சங்கப் புலவரின் குளியாளிக்கு ஊரே திரண்டு வருகிறது.

விக்டோரியா காலத்தில் குளியாளி கவிதையில் அடிக்கடி தென்படத் தொடங்குகிறார், ஆனால் வேறு வேலைக்கு. விக்டோரியா அரியணை ஏற இரண்டாண்டு இருக்கும்போது, 1835இல், ராபர்ட் பிரௌனிங் ‘பாராசெல்சஸ்’ எழுதினார். ஞானம் தேடிப் புறப்படும் நாயகன் தன்னைக் குளியாளியாக எண்ணிக்கொள்கிறான்: மூழ்கும்போது பிச்சைக்காரன், முத்தோடு எழும்போது இளவரசன். உருவகம் அழகாக இருக்கிறது. சலாபத்தில் நடந்தது வேறு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. மீதி ஒரு பங்கில் தோணிக்காரர், கயிறு பிடிப்பவர் எல்லோருக்கும் போகத்தான் குளியாளிக்கு. அரசின் சிப்பி திறக்கப்படாமலே ஆயிரக்கணக்கில் ஏலம் போகும். உள்ளே முத்து உண்டா என்பது வாங்கியவருக்கும் தெரியாது, எடுத்தவருக்கும் தெரியாது. இளவரசன் ஆனவர் யாராவது இருந்தால் அவர் ஏலம் எடுத்தவராகத்தான் இருக்கும்.

மாத்யூ ஆர்னால்ட் 1853இல் எழுதிய ‘சோராபும் ருஸ்தமும்’ இதைவிட மனிதத்தன்மை உள்ளது. பஹ்ரைன் கடலில் பகலெல்லாம் மூழ்கும் கணவனுக்காகக் கரையில் அழுதபடி காத்திருக்கும் மனைவியை அவர் ஓர் உவமைக்குள் காட்டுகிறார். முத்து வருகிற ஆங்கிலக் கவிதைகளில் குளியாளிக்குக் குடும்பம் இருக்கிற இடம் அரிது. இது அந்த அரிய இடம். நம் கரையில் இந்த உறவு கயிற்றிலேயே இருந்தது. மூழ்குபவரின் கயிற்றை மச்சான் கையில் கொடுப்பார்கள். தன் அக்கா தாலியறுக்க எந்தத் தம்பியும் விடமாட்டான் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள்.

நாவலுக்கு வந்தால் ஒரு வேறுபாடு கண்ணில் அறைகிறது. டிக்கன்ஸின் ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ நாவலில் யார்மவுத் கரையில் படகையே வீடாக்கிக் குடியிருக்கும் பெகாட்டி குடும்பம் இருக்கிறது. கடலில் மாண்டவர்களின் பிள்ளைகளை எடுத்து வளர்க்கும் கிழவர், புயலில் மூழ்குகிறவரைக் காப்பாற்றப் போய்த் தானும் மடியும் ஹாம். மணப்பாட்டிலோ வீரபாண்டியன்பட்டணத்திலோ பிறந்தவர்கள் இதைப் படித்தால் தங்கள் தெருக்காரரைப் பார்த்ததுபோல் உணர்வார்கள். தன் நாட்டு மீனவனுக்குப் பெயரும் வீடும் சாவும் கொடுத்த ஆங்கில நாவல், தன் அரசுக்கு முத்தெடுத்துக் கொடுத்தவருக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. வில்கி காலின்ஸின் ‘மூன்ஸ்டோன்’ (1868) ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கொள்ளைபோன வைரத்தைப் பற்றிக் கேள்வி கேட்கத் துணிந்தது. வைரத்தைத் தேடிவரும் பிராமணர் மூவரையும் கண்ணியமாகவே காட்டியது. முத்தைப் பற்றி அப்படி ஒரு நாவல் எழவில்லை.

ஜார்ஜ் எலியட்டின் ‘மிடில்மார்ச்’ (1871-72) மட்டும் அந்த வாசல் வரை வருகிறது. முதல் அத்தியாயத்திலேயே அக்காவும் தங்கையும் இறந்துபோன தாயின் நகைப்பெட்டியைத் திறந்து பங்கிடுகிறார்கள். முத்துச் சிலுவை வேண்டாம் என்கிறாள் டொரோதியா. பிறகு மரகத மோதிரமும் வளையலும் அவள் மனத்தை இழுக்கின்றன. அந்த ஆசை எழுந்த நொடியில், இவற்றைத் தேடி எடுத்து இழைத்து விற்கிறவர்கள் எத்தகைய துன்பத்தில் இருப்பார்கள் என்று அவள் வாய்விட்டுச் சொல்கிறாள். ஆனாலும் நகையை வைத்துக்கொள்கிறாள். ஆசையும் மனச்சாட்சியும் ஒரே விரலில் ஏறும் அந்தக் காட்சியை எலியட் தீர்ப்புச் சொல்லாமல் விட்டுவிடுகிறார். விக்டோரியா நாவல் இந்தக் கேள்வியில் எட்டிய மிக நேர்மையான இடம் அதுதான்.

மன்னார்க் கடலடிக்கே இறங்கிய அக்காலத்து நாவலை எழுதியவர் பிரெஞ்சுக்காரர் ஜூல் வெர்ன். 1870இல் நூலாக வந்த அவரது கடலடிப் பயணக் கதையில், சுறாவிடம் சிக்கிய ஏழை இந்தியக் குளியாளியைக் கப்பல்தலைவர் நேமோ மீட்டு ஒரு பை முத்தைக் கொடுக்கிறார். ஒடுக்கப்பட்ட நாட்டின் குடிமகன் அவர், நானும் அத்தகையவனே என்று நேமோ சொல்வது சில ஆண்டுகளுக்குள் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது.

ஆங்கில இலக்கியம் இங்கு வந்து சேர்ந்த வழியும் இந்தக் கரையிலேயே பதிந்திருக்கிறது. தூத்துக்குடிக்கு அருகே சாயர்புரத்தில் 1840களில் கல்விநிலையம் நடத்திய ஜி.யு. போப், 1886இல் திருக்குறளை விக்டோரியா காலத்து யாப்பில் ஆங்கிலமாக்கினார். எட்டயபுரத்துப் பாரதி ‘ஷெல்லிதாசன்’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். அதே பாரதி தம் ‘சுயசரிதை’யில் ஆங்கிலக் கல்வியைக் கடுமையாகச் சாடினார், கம்பனை அறியாமல் பிறநாட்டுப் பாடம் கற்பவர்களுக்காக வருந்தினார். ஷெல்லியை நேசித்துக்கொண்டே அந்தக் கல்வியை எதிர்க்க முடியும் என்று அவர் காட்டியது, ஆங்கில இலக்கியம் பயிலும் ஒவ்வொரு தமிழ் மாணவருக்கும் இன்றும் பயன்படும்.

விக்டோரியா காலம் முடிந்த பிறகே ஓர் ஆங்கில எழுத்தாளர் சலாபத்தில் நின்று எழுதினார். இலங்கை ஆட்சிப் பணியில் இருந்த லெனார்ட் வுல்ஃப் 1906இல் மரிச்சுக்கட்டிச் சலாபத்தில் வேலை பார்த்தார். அந்த அனுபவத்திலிருந்து பிறந்த அவரது சிறுகதை 1921இல் வெளிவந்தது. அதற்குள் சலாபங்களே குறைந்துவிட்டன. தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961இல் முடிந்தது. 1973இல் இங்குள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலைய அறிவியலாளர் கே. அழகர்சாமி இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை உருவாக்கினார். பெயரும் ஊரும் பேச்சும் கொண்ட கடற்கரை மனிதர்கள் வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977) நாவலிலும், 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ஜோ டி குருஸின் ‘கொற்கை’யிலும் வந்து சேர்ந்தார்கள்.

தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியிலோ தூய மரியன்னை கல்லூரியிலோ ‘இசபெல்லா’ பாடமாகும்போது, அதன் அருகே வைத்து வாசிக்க நூல்கள் உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 1889ஆம் ஆண்டுத் தூத்துக்குடிச் சலாபத்தை நேரில் கண்டு எழுதிய குறிப்புகளும், எஸ். அருணாசலம் 1952இல் வெளியிட்ட தமிழ்க்கரை முத்துக்குளிப்பின் வரலாறும் நூலகங்களில் கிடைப்பவை. அகநானூற்றுப் பாடல் எல்லோருக்கும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. கீட்ஸின் மூன்று வரிக்கு இந்த மூன்றையும் சேர்த்து உரை எழுதத் தகுந்த மாணவர்கள் இந்தக் கரைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் படித்துக்கொண்டிருக்கிறார்கள்; அவர்களில் சிலருடைய பூட்டன்மார் அந்தக் கயிற்றைப் பிடித்தவர்கள்.